குறட்டை மெஷின்: முதலில் வாடகை, அப்புறம் விலை

போன இதழில் குறட்டையைப் பற்றி ஒரு சின்னக் கேள்விக்குப் பதில் எழுதும்போது, நானே ஒன்பது வருடமாக மூக்கில் மாஸ்க் மாட்டிக்கொண்டுதான் தூங்குகிறேன் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த மாஸ்க் வழியாகக் காற்றை ஊதும் சி-பேப் மெஷினைப் பற்றித்தான். ஆகவே இந்த வாரம் பக்கம் முழுக்க ஒரே விஷயம். நான் டாக்டர் இல்லை. இதில் பணத்தைத் தொலைத்துக் கற்றுக்கொண்டவன், அந்தத் தகுதியில் சொல்கிறேன்.

கேள்வி: என் கணவருக்கு 52 வயது. மளிகைக் கடை வைத்திருக்கிறோம். ராத்திரி குறட்டை விட்டுக்கொண்டே இருப்பார், திடீரென்று சத்தம் நின்றுபோகும், எனக்கு உயிரே போய் உயிர் வரும், அப்புறம் மூச்சு முட்டி எழுந்து உட்காருவார். பகலில் கல்லாவில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறார். ஸ்லீப் ஸ்டடியில் ஏ.எச்.ஐ. 41 என்று வந்திருக்கிறது. மெஷின் வைத்தே ஆக வேண்டும் என்கிறார்கள். ஏஜென்ட் ஒருவர் பை-பேப் என்றால் 92,000, ஆட்டோ சி-பேப் என்றால் 68,000 என்கிறார். ஆன்லைனில் பார்த்தால் 26,000-க்கும் இருக்கிறது. எதை நம்புவது சார்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: அம்மா, முதலில் அந்த ஏ.எச்.ஐ. 41. தூக்கத்தில் மணிக்கு 41 தடவை அவருக்கு மூச்சு அடியோடு நிற்கிறது அல்லது வெகுவாகக் குறைகிறது, ஒவ்வொரு தடவையும் குறைந்தது 10 விநாடி. இந்த மூச்சுத்தடைக்குத்தான் ஸ்லீப் அப்னியா என்று பெயர். 5 முதல் 15 வரை இருந்தால் லேசு, 30 வரை நடுத்தரம், 30-ஐத் தாண்டினால் கடுமை என்று வைத்திருக்கிறார்கள். ஏழு மணி நேரம் தூங்கினால் 287 தடவை அவர் உடம்பு மூச்சுக்காக அரைகுறையாக விழித்துக்கொள்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், கல்லாவில் தூங்குவதற்குக் கோபப்பட மாட்டீர்கள். அதனால் மெஷின் வேண்டுமா வேண்டாமா என்ற யோசனை இந்த வீட்டில் தேவையில்லை, வேண்டும். எந்த மெஷின், எவ்வளவுக்கு என்பதுதான் பேச்சு.

தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து காற்று போகிற வழி ஒட்டிக்கொள்கிறது. மெஷின் செய்வதெல்லாம் அறைக் காற்றையே கொஞ்சம் அழுத்தத்தோடு ஊதி அந்த வழியை ஒட்டவிடாமல் பிடித்துவைப்பது. ராத்திரி முழுக்க ஒரே அழுத்தத்தில் ஊதினால் அது சாதா சி-பேப். மூச்சைக் கவனித்து, தேவைக்கு ஏற்றபடி தானே கூட்டிக் குறைத்தால் ஆட்டோ சி-பேப். மூச்சை இழுக்கும்போது ஓர் அழுத்தம், விடும்போது அதைவிடக் குறைந்த அழுத்தம் என்று இரண்டு வைத்தால் பை-பேப்.

பை-பேப் யாருக்கு? ரத்தத்தில் கரியமில வாயு தேங்குகிறவர்கள், அதிக உடல் பருமனால் மூச்சு ஆழமாகப் போகாதவர்கள், நுரையீரல் நோயும் சேர்ந்து இருப்பவர்கள், மிக அதிக அழுத்தம் தேவைப்பட்டு சி-பேப் தாங்க முடியாதவர்கள். உங்கள் வீட்டுக்காரருக்கு அதில் ஏதாவது இருந்தால் டாக்டர் தன் சீட்டில் காரணத்தோடு எழுதியிருப்பார். எழுதவில்லை, ஏஜென்ட் மட்டும்தான் சொல்கிறார் என்றால், அந்த 92,000-ஐ மறந்துவிடுங்கள். "பை-பேப்னா இன்னும் பவர்ஃபுல் சார்" என்று என்னிடமும் ஒருவர் சொன்னார். டிராக்டர்கூடத்தான் பவர்ஃபுல், மார்க்கெட்டுக்குப் போக அதையா வாங்குகிறோம்?

சாதாவுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் நேர்மையாகவே யோசிக்க இடம் இருக்கிறது. அழுத்தம் சரியாக அமைந்துவிட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒரே பலனைத்தான் தருகின்றன, அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பின் 2019 வழிகாட்டுதலும் எதை வேண்டுமானாலும் தரலாம் என்கிறது. சாதா மெஷினில் சிக்கல் என்னவென்றால் சரியான அழுத்தம் என்ன என்று யாராவது கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும், அதற்கு லேபில் ஒரு ராத்திரி படுக்க வேண்டும். ஆட்டோ அந்தச் செலவை மிச்சப்படுத்துகிறது.

இங்கேதான் என் கதை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் ரிப்போர்ட் வந்த பயத்தில், அடுத்த நாளே போய் 58,000 ரூபாய்க்கு ஓர் ஆட்டோ மெஷின் வாங்கி வந்தேன். கடைக்காரர் பெட்டியிலிருந்து ஒரு மாஸ்க்கை எடுத்து, நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் முகத்தில் ஒரு நிமிடம் வைத்துப் பார்த்து, "செட் ஆயிடுச்சு சார்" என்றார். வீட்டில் படுத்தால் எங்கே செட் ஆகிறது? புரண்டு படுத்தால் கண்ணுக்குள் காற்று. இறுக்கிக் கட்டினால் மூக்குத் தண்டில் புண். மூன்று வாரம் போராடிவிட்டு மெஷினை பீரோ மேலே ஏற்றினேன், எட்டு மாதம் அங்கேயே இருந்தது. கடைக்காரர் போனை எடுப்பதை அதற்கு முன்பே நிறுத்தியிருந்தார். கடைசியில் வேறொரு இடத்தில் டெக்னீஷியன் பெண் ஒருவர் என்னைப் படுக்கச் சொல்லி, மெஷினை ஓடவிட்டு, மூன்று மாஸ்க்கை மாற்றி மாற்றி மாட்டி, இடது பக்கம் திரும்புங்க, வலது பக்கம் திரும்புங்க என்று பத்து நிமிடம் செலவழித்தார். மூன்றாவது மாஸ்க் பொருந்தியது. விலை 4,500. என் 58,000 ரூபாய் மெஷின் அன்றைக்குத்தான் வேலை செய்ய ஆரம்பித்தது.

அதனால் நான் எல்லோரிடமும் சொல்வது: இந்த வாரம் எதையும் வாங்காதீர்கள், ஓர் ஆட்டோ மெஷினை ஒரு மாதம் வாடகைக்கு எடுங்கள். மதுரையிலோ திருச்சியிலோ விசாரித்தால் கிடைக்கும். மாதம் 3,000 முதல் 5,000 வரை கேட்பார்கள், முன்பணம் தனி. பிறகு அவர்களிடமே வாங்கினால் வாடகையைக் கழித்துக்கொள்வீர்களா என்று முதலிலேயே கேட்டு, துண்டுச் சீட்டிலாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாஸ்க் மட்டும் சொந்தமாகப் புதிதாக வாங்குங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். மூக்கை மட்டும் மூடுகிற மாஸ்க்கில் ஆரம்பியுங்கள். வாயைத் திறந்து தூங்குகிறார் என்று சொல்லி வாயையும் சேர்த்து மூடும் பெரிய மாஸ்க்கை எடுத்தவுடனே கொடுத்துவிடுகிறார்கள், அதில் காற்றுக் கசிவும் அதிகம், அழுத்தமும் பெரும்பாலும் கூடுதலாகத் தேவைப்படும். மூக்கு எப்போதும் அடைத்தே இருக்கிறவர்களுக்கு அது சரி. அவருக்கு அடர்த்தியான மீசை உண்டா? திண்டுக்கல்காரர், இருக்கும். மீசை மேல் விளிம்பு உட்காரவில்லை என்றால் மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்தும் பில்லோ மாஸ்க் கேளுங்கள். மீசையை எடுக்கச் சொல்லிச் சண்டை போட வேண்டாம்.

ஒரு மாதம் கழித்து மெஷினின் கார்டிலோ ஆப்பிலோ இருக்கும் ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டுங்கள். மூன்று எண்ணைப் பார்த்தால் போதும். தினமும் எத்தனை மணி நேரம் போட்டார், மாஸ்க் போட்ட நேரத்தில் ஏ.எச்.ஐ. எவ்வளவு (5-க்குக் கீழே வந்திருக்க வேண்டும்), 95 சதவீத நேரம் எந்த அழுத்தத்துக்குள் அடங்கியது. அமெரிக்காவில் மெடிகேர் காப்பீடு, 30 நாளில் 70 சதவீத ராத்திரிகளாவது நாலு மணி நேரத்துக்குக் குறையாமல் போட்டால்தான் மெஷினுக்குத் தொடர்ந்து பணம் தரும். அந்த அளவுகோலை நீங்களும் வைத்துக்கொள்ளலாம். அழுத்தம் ராத்திரிக்கு ராத்திரி பெரிதாக ஏறி இறங்காமல் 9, 10 என்று நிலையாக இருந்தால், டாக்டர் சம்மதத்தோடு அந்த எண்ணிலேயே சாதா சி-பேப் வாங்கிக்கொள்ளலாம், பத்துப் பதினைந்தாயிரம் மிச்சம். ஏறி இறங்கினால் ஆட்டோதான்.

விலை என்று பார்த்தால், சீனத் தயாரிப்புகளும் இந்தியப் பெயரில் விற்பவையும் சாதா மெஷின் 25,000 பக்கம் ஆரம்பிக்கின்றன, ஆட்டோ 30,000 முதல் 45,000 வரை. ரெஸ்மெட் போன்ற பழைய பெரிய கம்பெனி என்றால் ஆட்டோவுக்கு 50,000-க்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் அச்சடித்த எம்.ஆர்.பி.யைப் பார்த்து அசந்துவிடாதீர்கள், அது தள்ளுபடி கொடுப்பதற்காகவே அச்சடித்த எண். உங்கள் 26,000 ரூபாய் ஆன்லைன் மெஷின் மோசம் என்று சொல்ல மாட்டேன், அந்த விலையில் உருப்படியானவை உண்டு. ஆனால் ஈரப்பதம் தரும் தண்ணீர்த் தொட்டி சேர்ந்ததா, மாஸ்க் சேர்ந்ததா, ரிப்போர்ட் எடுக்க கார்டு உண்டா, பழுதானால் எந்த ஊருக்கு அனுப்ப வேண்டும், சரிசெய்யும் வரை மாற்று மெஷின் தருவார்களா, இவற்றைக் கேட்டுவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள். கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்கிற ஆள் இரண்டாயிரம் கூடக் கேட்டாலும் நான் அவரிடம்தான் வாங்குவேன். மருத்துவக் கருவிகள் பலவற்றின் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, பில்லில் எத்தனை சதவீதம் போட்டிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். பில் இல்லாமல் வாங்கினால் வாரண்டி இல்லை.

காப்பீடு பற்றிக் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். சாதாரண மெடிக்கல் பாலிசிகள் பெரும்பாலும் வீட்டில் வைத்துப் பயன்படுத்தும் இந்த மாதிரிக் கருவிகளுக்குப் பணம் தருவதில்லை. மத்திய அரசு ஊழியர், ஓய்வூதியர்களுக்கான சி.ஜி.எச்.எஸ்., முன்னாள் ராணுவத்தினருக்கான இ.சி.எச்.எஸ். இரண்டிலும் முன் அனுமதி வாங்கினால் ஓர் உச்சவரம்பு வரை கிடைக்கும். வாங்கிவிட்டுப் போய் நின்றால் கஷ்டம், அனுமதி முதலில்.

கேள்வி: கோவையில் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். டாக்டர் எனக்கு இந்த மெஷின் எழுதிக் கொடுத்திருக்கிறார். திறந்து பார்த்தால் ஒரு சின்ன ப்ளோயரும் ஒரு போர்டும்தான் இருக்கிறது. இதற்கா அரை லட்சம்? நானே செய்துகொண்டால் என்ன?
– வாசகர், கோவை

பதில்: இந்தக் கேள்வி கோவையிலிருந்து வராவிட்டால்தான் ஆச்சரியம். உங்களுக்குப் பிடித்த கதை ஒன்று இருக்கிறது. 1980 ஜூனில் ஆஸ்திரேலியாவில் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டரிடம் கடுமையான மூச்சுத்தடை உள்ள நோயாளி ஒருவர் வந்தார். அந்தக் காலத்தில் இதற்கு உருப்படியான வைத்தியம் தொண்டையில் ஓட்டை போட்டுக் குழாய் வைப்பதுதான். அந்த ஆள் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் ஒரு ராத்திரி சோதனைக்குச் சம்மதித்தார். சல்லிவன் மூக்கு வழியாகக் காற்றை ஊதிப் பார்த்தார், மூச்சு நிற்பது நின்றது. ஐந்து பேரிடம் செய்ததை 1981-ல் லான்செட் இதழில் எழுதினார். ஆரம்பகால மெஷின்கள் வாக்குவம் கிளீனர் மோட்டாரைத் திருப்பிப் போட்டுச் செய்தவைதான், மாஸ்க்கை ராத்திரிக்கு ராத்திரி முகத்தில் பசை போட்டு ஒட்டினார்கள். ஆக, ப்ளோயர்தானே என்று நீங்கள் கேட்பதில் தப்பே இல்லை, பிறந்ததே அப்படித்தான்.

ஆனால் நீங்கள் பம்ப் செட் ஊர்க்காரர், ஹெட், அதாவது பம்ப் தண்ணீரை ஏற்றும் உயரம், என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த மெஷினின் அளவு 4 முதல் 20 செ.மீ. தண்ணீர் அழுத்தம். 10 என்று வைத்தால், தண்ணீரில் 10 செ.மீ. ஆழத்தில் ஸ்ட்ராவை வைத்துக் குமிழ் விடத் தேவைப்படும் அழுத்தம், அவ்வளவுதான். கஷ்டம் எங்கே என்றால், நீங்கள் மூச்சை இழுக்கும்போது அழுத்தம் விழப் பார்க்கும், விடும்போது ஏறப் பார்க்கும், மாஸ்க் ஓரத்தில் கசிந்தால் இன்னொரு மாதிரி. இத்தனைக்கும் நடுவே அந்தப் பத்து பத்தாகவே நிற்க வேண்டும், அதுவும் பக்கத்தில் படுத்திருப்பவர் எழாத அளவு சத்தத்தில். அதற்காகத்தான் அந்த போர்டும் சென்சாரும். இன்னொன்று, மாஸ்க்கில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும் பாருங்கள், நீங்கள் விட்ட கரியமில வாயு வெளியே போக அதுதான் வழி. ப்ளோயரின் காற்றோட்டம் போதாவிட்டாலோ, அந்தத் துளையை சத்தம் வருகிறதே என்று அடைத்துவிட்டாலோ, விட்ட மூச்சையே திரும்ப இழுத்துக்கொண்டு தூங்குவீர்கள். பட்டறையில் தப்பு நடந்தால் மோட்டாரின் கம்பிச் சுருள் புகையும், இங்கே எந்த வாசனையும் வராது. செய்யாதீர்கள். விலை அநியாயம் என்பதில் உங்களோடு பாதி சண்டைக்கு நானும் வருகிறேன்.

கேள்வி: பழைய பொருள் விற்கும் ஆப்பில் சி-பேப் மெஷின் 12,000-க்கு வந்திருக்கிறது. "அப்பா இரண்டு மாதம்தான் பயன்படுத்தினார்" என்று போட்டிருக்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: வாங்கலாம், ஆனால் "இரண்டு மாதம்தான்" என்பதை நம்பி வாங்கக் கூடாது. மெஷின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பது அதன் மெனுவிலேயே இருக்கும், சிலவற்றில் டாக்டருக்கான மெனுவுக்குள் போனால் தெரியும். ராத்திரிக்கு எட்டு மணி என்றால் வருடத்துக்கு 2,920 மணி. 12,000 என்று காட்டினால் அந்த அப்பா நாலு வருடத்துக்கு மேல் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார் என்று அர்த்தம். ஐந்து வருடத்தை நெருங்கிய மெஷினை நான் தொட மாட்டேன்.

இன்னொரு முக்கியமான விஷயம். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் தன் மெஷின்கள் பலவற்றைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சத்தத்தை அடக்க உள்ளே வைத்திருந்த நுரைப்பஞ்சு நாளாக நாளாகப் பொடிந்து, துகள்கள் காற்றோடு சேர்ந்து மூச்சுக்குள் போகலாம் என்பதுதான் காரணம். ட்ரீம்ஸ்டேஷன் என்ற மாடலின் முதல் தலைமுறை, 2021 ஏப்ரல் 26-க்கு முன் தயாரானவை அதில் அடக்கம். ட்ரீம்ஸ்டேஷன் 2 அதில் சேராது. பழைய மார்க்கெட்டில் மலிவாக ஒரு ட்ரீம்ஸ்டேஷன் கண்ணில் பட்டால் அடியில் ஒட்டியிருக்கும் தேதியையும் சீரியல் நம்பரையும் பாருங்கள், நுரை மாற்றித் தந்ததற்கு அத்தாட்சி இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

மற்றபடி, நேரில் போய் ஓட்டிப் பாருங்கள். தேங்காய் உடைக்கிற மாதிரி கடகட சத்தமோ, சிகரெட் வாடையோ, பூசண வாடையோ வந்தால் வேண்டாம். மாஸ்க், ட்யூப், ஃபில்டர், தண்ணீர்த் தொட்டி நாலையும் புதிதாக வாங்க வேண்டும், அடுத்தவர் மாஸ்க்கைக் கழுவிப் போட்டுக்கொள்வதை நினைத்தாலே எனக்கு ஆகாது. அப்படிப் பார்த்தால் 12,000 என்பது 18,000 அல்லது அதற்கும் மேலே வந்து நிற்கும். இரண்டு வருட வாரண்டியோடு புது சாதா மெஷின் 25,000 பக்கம் என்னும்போது அந்த வித்தியாசம் உங்களுக்குப் பெரிதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். விற்பவரை 8,000-க்கு இறக்கிப் பாருங்கள், வீட்டில் சும்மா கிடக்கிற பொருள், இறங்குவார்.

கேள்வி: கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர் வீட்டில் சும்மா இருக்கிறது. அம்மாவுக்கு ஸ்லீப் அப்னியா என்கிறார்கள். ராத்திரி அதையே மூக்கில் வைத்துவிட்டால் போதாதா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: போதாது. குழாய் அடைத்துக்கொண்டிருக்கும்போது மேலே டேங்கில் தண்ணீர் நிரப்பி என்ன புண்ணியம்? தொண்டை ஒட்டியிருக்கும்போது மூக்கில் எவ்வளவு ஆக்ஸிஜன் விட்டாலும் உள்ளே இறங்காது. விரலில் மாட்டும் மீட்டரில் எண் கொஞ்சம் நன்றாகத் தெரியலாம், அதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. சிலருக்கு மூச்சு நிற்கும் நேரம் இதனால் நீளவும் செய்யும், கரியமில வாயு தேங்குகிறவர்களுக்கு ஆபத்தும் உண்டு. டாக்டர் எழுதாமல் வைக்கவே வைக்காதீர்கள். அதை விற்றுவிட்டு, வருகிற பணத்தை சி-பேப் மாஸ்க்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தினமும் சங்கு ஊதினால் குறட்டை போய்விடும், மெஷினே வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?
– வாசகர், கும்பகோணம்

பதில்: வாட்ஸ்அப்பில் வந்தாலும் இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, நானும் முதலில் சிரித்துவிட்டுத்தான் தேடிப் படித்தேன். ஜெய்ப்பூரில் நடுத்தர அளவு மூச்சுத்தடை உள்ள 30 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்திருக்கிறார்கள், 2025-ல் வெளியானது. 16 பேர் சங்கு ஊதினார்கள், 14 பேர் ஆழ மூச்சுப் பயிற்சி செய்தார்கள், நாளுக்குக் குறைந்தது 15 நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு மாதம். சங்கு ஊதியவர்களுக்குப் பகல் தூக்கம் 34 சதவீதம் குறைந்தது, ஏ.எச்.ஐ. மணிக்கு நாலைந்து குறைந்தது. தொண்டைத் தசைக்குப் பயிற்சி கிடைப்பதால் இருக்கலாம். இதற்கு முன்பே ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் டிஜெரிடூ என்ற நீளக் குழலை ஊதவைத்து 2006-ல் பி.எம்.ஜே. இதழில் ஓர் ஆய்வு வந்தது, அதிலும் பலன் தெரிந்தது.

இப்போது கணக்கைப் பாருங்கள். 18 இருக்கிறவருக்கு நாலைந்து குறைந்தால் நல்ல சேதி. முதல் கேள்வி கேட்ட அம்மாவின் கணவருக்கு 41 என்பது 36 ஆகும், கல்லாவில் தூங்குவது தொடரும். மெஷினோடு சேர்த்து ஊதுங்கள், மெஷினுக்குப் பதிலாக வேண்டாம். மெஷின் இல்லாமல் குறைக்க எனக்குத் தெரிந்து பெரிய வழி எடைதான். உடல் எடையில் 10 சதவீதம் குறைந்தால் ஏ.எச்.ஐ. ஏறக்குறைய கால் பங்கு குறையும் என்று அமெரிக்காவில் விஸ்கான்சினில் பல வருடம் மக்களைத் தொடர்ந்து கவனித்துச் சொல்லியிருக்கிறார்கள். மல்லாந்து படுத்தால் மட்டும் அதிகமாகிறவர்கள் ஒருக்களித்துப் படுக்கலாம், பனியன் முதுகில் ஒரு பந்தை வைத்துத் தைத்துக்கொள்வது பழைய தந்திரம், வேலை செய்யும். லேசான, நடுத்தர அளவுக்காரர்களுக்குப் பல் டாக்டர் கீழ்த்தாடையை முன்னால் தள்ளிவைக்கும் கருவி செய்து தருவார். ராத்திரி மதுவும், டாக்டர் எழுதாத தூக்க மாத்திரையும் கூடவே கூடாது.

ஒன்று மட்டும். காலை ஐந்து மணிக்குச் சங்கு ஊதப் போகிறீர்கள் என்றால் அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நம்ம ஊரில் அந்தச் சத்தம் கேட்டால் ஆட்கள் மாலையோடு வந்துவிடுவார்கள்.

கேள்வி: எங்கள் பக்கம் அடிக்கடி கரண்ட் போகும். இன்வெர்ட்டரில் ஓடுமா? தண்ணீர்த் தொட்டிக்கு பெட்ரோல் பங்க்கில் விற்கும் பேட்டரி தண்ணீர் ஊற்றலாமா?
– வாசகர், ராமநாதபுரம்

பதில்: ஓடும். தண்ணீர்த் தொட்டியின் சூட்டை அணைத்துவிட்டால் இது சீலிங் ஃபேனைவிடக் குறைவான மின்சாரம்தான் எடுக்கும். வீட்டில் இருக்கும் 150 ஏ.எச். பேட்டரி ஒரு ஃபேனையும் மெஷினையும் ராத்திரியில் சில மணி நேரம் சாதாரணமாகத் தாங்கும். சைன் வேவ் இன்வெர்ட்டராக இருப்பது நல்லது, பழைய சதுர அலை இன்வெர்ட்டரில் அடாப்டர் உர்ரென்று இரையும், சீக்கிரம் போகும். மின் கட்டணத்துக்குப் பயப்பட வேண்டாம், இரண்டு மாதத்துக்கு 15 முதல் 30 யூனிட்தான் கூடும். நடுராத்திரி மெஷின் நின்றுவிட்டால் மூச்சு முட்டுமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். மூக்கு மாஸ்க் என்றால் வாய் திறந்திருக்கிறது, பெரிய மாஸ்க்கில் அதற்கென்றே ஒரு வால்வு உண்டு, மூச்சு வாங்கலாம், பழைய குறட்டை திரும்பி வரும், அவ்வளவுதான்.

பேட்டரி தண்ணீர் வேண்டாம். அது பேட்டரிக்காக நிரப்பியது, மூக்குக்காக இல்லை. மெடிக்கல் கடையில் டிஸ்டில்டு வாட்டர் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் கொதிக்கவைத்து ஆறிய ஆர்.ஓ. தண்ணீர், தினமும் காலையில் மிச்சத்தைக் கொட்டித் தொட்டியைக் காயவைக்க வேண்டும். உங்கள் ஊர்ப் போர்வெல் தண்ணீரை ஊற்றினால் ஒரே வாரத்தில் தொட்டியில் உப்புப் படியும். உண்மையைச் சொன்னால், கடலோரத்தில் ஏ.சி. இல்லாமல் தூங்குகிறவர்களுக்கு வருடத்தில் பல மாதம் அந்தத் தொட்டியே தேவைப்படாது, காற்றில் இருக்கிற ஈரமே போதும். மூக்கு காய்ந்து எரிந்தால் மட்டும் போடுங்கள். ஃபில்டரை மட்டும் வாரம் ஒரு தடவை பாருங்கள், அங்கே அடிக்கிற மணல் காற்றுக்குச் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: எனக்கு 31 வயது. மூன்று மாதமாக மாஸ்க் போட்டுத் தூங்குகிறேன். வீட்டில் பெண் பார்க்கிறார்கள். இதைச் சொல்ல வேண்டுமா?
– பெயர் வேண்டாம், சென்னை

பதில்: சொல்லிவிடுங்கள் தம்பி, நிச்சயத்துக்கு முன்னாலேயே, அம்மா அப்பா வழியாக இல்லாமல் நீங்களே அந்தப் பெண்ணிடம். "குறட்டைக்கு மெஷின் போடுகிறேன், போட்டால் சத்தம் வராது" என்று ஒரு வரி போதும். அவர்கள் வீட்டிலும் ஒரு மாமாவாவது குறட்டை விடுகிறவராக இருப்பார், பேச்சு அவர் பக்கம் திரும்பிவிடும்.

கேள்வி: காசிக்கு ரயிலில் போகிறோம், இரண்டு ராத்திரி. மெஷினை எடுத்துப் போகலாமா?
– வாசகி, மதுரை

பதில்: எடுத்துப் போங்கள், டாக்டர் சீட்டின் நகலும் பையில் இருக்கட்டும். அடாப்டரில் 100-240 வோல்ட் என்று போட்டிருக்கிறதா பாருங்கள், பெரும்பாலும் இருக்கும், அப்படியானால் ரயில் பிளக்கில் வேலை செய்யும். ஆனால் பல ரயில்களில் தீ விபத்துப் பயத்தால் இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை சார்ஜிங் பாயின்ட்டில் மின்சாரத்தை நிறுத்திவிடுகிறார்கள், நமக்குத் தேவையான நேரம் பார்த்து. கோச் அட்டெண்டரிடம் சீட்டைக் காட்டிக் கேளுங்கள், சில சமயம் நடக்கும், நடக்காமலும் போகும். அடிக்கடி பயணம் போகிறவர் என்றால் மெஷினுக்கென்றே வரும் பேட்டரி வாங்கலாம், இந்த ஒரு யாத்திரைக்காக வேண்டாம், அந்த இரண்டு ராத்திரி ஒருக்களித்துப் படுத்துச் சமாளியுங்கள். கீழ் பெர்த் கேட்டு வாங்குங்கள். மேல் பெர்த்தில் பிளக் எங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது, ட்யூப்பின் நீளம் ஆறு அடிதான்.